வேப்பமரத்து ஊஞ்சல்: ஓர் அமானிதம்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் நாரணாபுரத்தில் மரமுள்ள வீடுகளுக்குத் தனி மதிப்பு வந்துவிடும். கரிசல் மண் வெடித்துக் கிடக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் நிழல் என்பது எங்கள் ஊரில் எளிதாகக் கிடைப்பதன்று. கொல்லையில் ஒரு வேம்போ புளியோ நிற்கும் வீட்டைப் பிள்ளைகள் தாமாகவே தேடி வருவார்கள். வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, "கயிறு இருக்கா?" என்பதே.

எங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு வேம்பு உண்டு. அதில் சில ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டி வருகிறோம். ஒரு ஊஞ்சலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். சேலையில் கட்டிய ஊஞ்சல் கழுத்தில் இறுகிப் பிள்ளை இறந்தது என்னும் செய்தியை நாளிதழ்களில் நாம் எல்லோருமே படித்திருக்கிறோம். படித்து, "இன்னாலில்லாஹி" சொல்லி, பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். மறுநாள் நம் வீட்டு உத்தரத்திலும் அதே போன்றதொரு சேலை தொங்கிக்கொண்டிருக்கிறது. விளையாட்டுப் பொருள்தானே என்னும் அலட்சியமே இதற்குக் காரணம். பிள்ளையின் விளையாட்டை மார்க்கம் எவ்வளவு மதிக்கிறது என்பதை உணர்ந்தால், அதற்காக நாம் இடும் முடிச்சையும் அதே அளவு மதிப்போம் என்பதே எங்கள் எண்ணம்.

விளையாட்டு வீணன்று

"ஓதாமல் என்ன ஆட்டம்?" என்னும் அதட்டலைக் கேட்டே நம்மில் பலர் வளர்ந்தோம். ஓதுவதன் சிறப்பில் ஐயமில்லை. ஆயினும் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையில் பிள்ளைகளின் விளையாட்டுக்கு இருந்த இடத்தையும் நாம் பார்க்க வேண்டும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாயிருந்தபோது தம் தோழியருடன் ஊஞ்சலில் ஆடியதைப் பிற்காலத்தில் தாமே நினைவுகூர்ந்து கூறியது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அவர்களின் பொம்மைகளைப் பற்றியும், விளையாட வந்த தோழியரைப் பற்றியும் அறிவிப்புகள் உள்ளன. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர், தாம் வளர்த்த சிறு குருவி இறந்து வருந்தியிருந்தபோது, அந்தக் குருவியைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அன்போடு விசாரித்தார்கள். இறைத்தூதர் ஒருவர் ஒரு சிறுவனின் குருவியை நினைவில் வைத்திருந்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

இன்னொரு நிகழ்வு நஸாயீயில் வருகிறது. தொழுகை நடத்திக்கொண்டிருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, நபி (ஸல்) அவர்கள் ஸஜ்தாவை வெகுநேரம் நீட்டினார்கள். தொழுகை முடிந்ததும் காரணம் கேட்ட தோழர்களிடம், பிள்ளை தன் ஆசை தீருமுன் அவனை அவசரப்படுத்த விரும்பவில்லை என்ற பொருளில் விடையளித்தார்கள். ஒரு ஜமாஅத் முழுவதும் ஒரு பிள்ளையின் ஆட்டத்துக்காகத் தரையில் நெற்றி வைத்துக் காத்திருந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தம் இஹ்யா நூலில், பாடம் முடிந்த பிறகு பிள்ளையை நல்ல விளையாட்டில் விட வேண்டும் என்று எழுதியுள்ளார்கள். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் பாடத்திலேயே வாட்டினால் பிள்ளையின் உள்ளம் செத்துப்போகும், அறிவு மங்கும், கடைசியில் படிப்பிலிருந்து தப்பிக்கவே வழி தேடும் என்பது அவர்களின் எச்சரிக்கை. இது ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. மதரஸாவும் பள்ளியும் தனிப்பயிற்சி வகுப்பும் என்று காலை முதல் இரவு வரை ஓடும் நம் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால், நேற்று எழுதியது போலத் தோன்றும்.

இந்த மண்ணில் விளையாட்டின் விலை

எங்கள் வட்டாரத்தில் இந்தச் செய்திக்குக் கூடுதல் கனம் உண்டு. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரின் முயற்சியால் சிவகாசி தொழில் நகரமாயிற்று. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்கள் வானம் பார்த்த இந்தப் பூமிக்குச் சோறு போட்டன. அதற்காக நன்றி செலுத்தவே வேண்டும். ஆனால் அந்தச் சோற்றில் ஒரு பங்கு நெடுங்காலம் பிள்ளைகளின் கைகளால் சம்பாதிக்கப்பட்டது. விடியுமுன் பேருந்து வந்து கிராமத்துச் சிறுமியரை ஏற்றிச் சென்ற காலத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி 1990இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படமே எடுக்கப்பட்டது.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று அது ஆணையிட்டது. இதற்கிடையே 1989இல் ஐ.நா. பேரவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 1992இல் இந்தியாவும் இணைந்தது. அதன் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. சட்டங்களாலும், பள்ளிகளில் கிடைத்த மதிய உணவாலும், பெற்றோர் பட்ட பாட்டாலும் நிலைமை பெரிதும் மாறியது. அல்ஹம்துலில்லாஹ், இன்று எங்கள் தெருவில் பிள்ளைகள் காலையில் பள்ளி வாகனத்துக்குத்தான் நிற்கிறார்கள்.

ஆயினும் பெரியவர்களுக்கு ஆபத்து நீங்கவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பின்னும் இந்த வட்டாரத்தில் விபத்து இல்லாத ஆண்டு அரிது. எங்கள் கொல்லைக்கு வரும் பிள்ளைகளில் பலருடைய தாய்மார் பட்டாசு ஆலைக்குச் செல்பவர்கள். பெற்றோர் வேலை முடிந்து திரும்பும் வரை அந்தப் பிள்ளைகள் எங்காவது இருந்தாக வேண்டும். தூரத்தில் ஏதேனும் சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எந்தத் திசை என்று பார்க்கும் பிள்ளைகள் அவர்கள். அந்தச் சில மணி நேரம் அவர்கள் கவலையின்றி ஆடுவதற்கு ஒரு கயிறும் ஒரு பலகையும் போதுமானவையாக இருக்கின்றன. இதைச் சிறிய தர்மம் என்று நாங்கள் கருதுவதில்லை.

மரம், கயிறு, முடிச்சு

ஊஞ்சலுக்கு முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். வேம்பு, புளி ஆகியவற்றின் முற்றிய கிளைகள் பாரம் தாங்கும். முருங்கை எவ்வளவு பருத்திருந்தாலும் பட்டென்று முறியும். அதில் கயிறு கட்டவே கூடாது. கிளை பச்சையாக இருக்க வேண்டும். பட்டை உரிந்த கிளை, பொந்து விழுந்த கிளை, கரையான் மண் ஏறிய கிளை ஆகா. எட்டு அங்குலக் குறுக்களவாவது இருக்கும் கிளையைத் தேர்ந்து, அடிமரத்திலிருந்து மூன்று நான்கு அடி தள்ளிக் கட்டினால், பிள்ளை அடிமரத்தில் மோதாது. கிளையின் நுனியை நோக்கிப் போகப் போக அதன் வலிமை குறையும் என்பதையும் மறக்கலாகாது.

பாரத்தைப் பற்றிப் பலர் தவறாகக் கணக்கிடுகிறார்கள். 25 கிலோ எடையுள்ள பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தால் கயிறுகளில் விழும் பாரம் 25 கிலோதான். ஆடும்போது அவ்வாறன்று. நேர்க்கோட்டிலிருந்து 60 பாகை உயரம் வரை வீசி ஆடினால், கீழே வந்து கடக்கும் கணத்தில் பாரம் இரு மடங்காகும். கயிறு தரைக்கு இணையாகப் படுக்கும் அளவு ஆடினால் மூன்று மடங்காகும். அதாவது 25 கிலோ பிள்ளை 75 கிலோவாக இழுக்கும். ஊஞ்சல்கள் பெரும்பாலும் பிள்ளை உயரமாக ஆடி வேகமாகக் கீழிறங்கும்போது அறுந்து விழுவதற்கு இதுவே காரணம். இரண்டு கயிறுகளில் ஒவ்வொன்றும் தனித்தே முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கிணற்றில் கழித்துப் போட்ட தாம்புக் கயிறு எல்லா வீட்டிலும் கிடக்கும். அது ஊஞ்சலுக்கு ஆகாது. நீரில் ஊறி வெயிலில் காய்ந்த தேங்காய் நார்க் கயிறு வெளியே முறுக்காகத் தெரிந்தாலும் உள்ளே இற்றுப் போயிருக்கும். புதிய நார்க் கயிறு தாங்கும், ஆனால் பிள்ளைகளின் உள்ளங்கையை அறுக்கும். நாங்கள் கயிற்றுக்கடையில் 12 மில்லிமீட்டர் பருமனுள்ள நைலான் கயிறு வாங்குகிறோம். அது வலுவானது. ஆனால் அதற்கும் இரண்டு குறைகள் உண்டு. வழுக்கும் தன்மையால் முடிச்சு மெல்ல நழுவும். எங்கள் ஊர் வெயிலில் நாளடைவில் நொறுங்கத் தொடங்கும். மேலே வெண்மை பூத்து, தடவினால் தூள் உதிர்ந்தால், கயிற்றை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

கட்டும் முறை எளிது. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்து முதலில் கிளையில் சுற்ற வேண்டும். அது கயிற்றைத் தேயாமல் காக்கும், மரத்தின் பட்டையையும் காக்கும். கிளையை இறுக்கி ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால், பட்டை வழியாக ஓடும் சத்து தடைபட்டுக் கிளை பட்டுப்போகும். மரத்துக்கும் நம்மீது உரிமை உண்டு. பிறகு கயிற்றைக் கிளைமேல் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மிஞ்சிய நுனியால் தொங்கும் கயிற்றின்மேல் மூன்று அரைமுடிச்சுகளை நெருக்கி இட்டு, ஒரு சாண் அளவு நுனியை விட்டுவிட வேண்டும். சுருக்கு முடிச்சு போடவே கூடாது. இழுக்க இழுக்க இறுகும் எந்த வளையமும் பிள்ளைகள் ஆடும் இடத்தில் இருக்கலாகாது.

பலகை ஒன்றரை அடி நீளமும் எட்டு அங்குல அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் இருந்தால் போதும். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்ய வேண்டும். நான்கு மூலைகளிலும் துளையிட்டு, கயிறு பலகையின் அடியில் குறுக்காக ஓடி மறுபுறம் மேலேறும்படி கோத்தால், ஒருவேளை பலகை விரிசல் கண்டாலும் பிள்ளையைக் கயிறு தாங்கிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பல ஆண்டுகள் ஆலையில் சரம் பின்னியவர். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிகளுக்குத் தடை விதித்த பின் அந்த வேலை போயிற்று. நூலிலும் முடிச்சிலும் அவர் கண்ட அனுபவம் எங்களுக்கில்லை. ஊஞ்சல் கட்டி முடித்துக் கீழே நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் அவர் ஒரு நாள் சொன்னார்: "முடிச்சக் கண்ணால பாக்கக் கூடாது பாய், பாரத்துல பாக்கணும்." அன்றிலிருந்து பிள்ளையை ஏற்றுமுன் பாரம் ஏற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று. கடையில் கிடைக்கும் 25 கிலோ அரிசிச் சிப்பங்கள் மூன்றைப் பலகையில் கட்டி ஓரிரவு தொங்கவிடுவோம். காலையில் அரைமுடிச்சுகள் நழுவியிருந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவோம். இறுகியிருந்தால், பெரியவர்களில் ஒருவர் முதலில் உட்கார்ந்து ஆடிப் பார்த்த பிறகே பிள்ளைகளுக்கு அனுமதி.

இடமும் முக்கியம். கிளையிலிருந்து ஊஞ்சல் தொங்கும் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரம் முன்னும் பின்னும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது விளையாட்டுத் திடல்களுக்கான பொது விதி. கொல்லைகளில் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது. அப்படியானால் தாழ்ந்த கிளையில் குட்டையாகக் கட்ட வேண்டும். கிணறு, துணி துவைக்கும் கல், கம்பி வேலி ஆகியவற்றின் பக்கம் கட்டலாகாது. பலகை தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். காய்ந்த கரிசல் மண் கல்லைப் போன்றது. ஆகவே ஊஞ்சலின் அடியிலும் முன்பின்னும் முக்கால் அடி ஆழத்துக்குத் தோண்டி மணல் நிரப்பினோம். அந்த மணலில் ஆட்டத்துக்கு நிகராக வீடு கட்டும் விளையாட்டும் நடக்கிறது.

சேலை ஊஞ்சல் வேண்டாம்

இதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைக்குழந்தையைத் தூளியில் இட்டுத் தாலாட்டுவது நம் தாய்மார்களின் பழைய வழக்கம். ஆள் அருகில் இருக்கும்போது அது குழந்தைக்கு இதமானதே. ஆனால் தம்பியின் தூளியில் ஏறி ஆடும் ஏழு எட்டு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. அந்த வயதுப் பிள்ளை நேராக ஆடுவதில்லை. சுற்றிச் சுற்றி முறுக்கேற்றி, பின் விட்டுவிட்டுச் சுழல்வதில்தான் அதற்கு இன்பம். முறுக்கேறும் சேலையில் கழுத்து சிக்கினால் உடல் எடையே அதை இறுக்கும். குரல் வெளியே வராது. அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரியாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே தூளி குழந்தை உறங்கும்போது மட்டும் தொங்கட்டும். குழந்தையை எடுத்தவுடன் சேலையைச் சுருட்டி உயரே கட்டிவிடுங்கள். பெரிய பிள்ளைகளுக்குத் துணியால் ஊஞ்சல் வேண்டாம். பலகை ஊஞ்சலிலும் ஒரு கவனம் வேண்டும். பெண்பிள்ளைகளின் துப்பட்டா, முக்காடு ஆகியவற்றின் நுனிகள் தொங்காமல் உள்ளே செருகியிருக்க வேண்டும். கழுத்தில் கயிறு கட்டிய தண்ணீர்க் குப்பியோ, அடையாள அட்டையோ, தாயத்துக் கயிறோ இருந்தால் கழற்றிவிட்டு ஏறச் சொல்லுங்கள். ஊஞ்சல் கயிற்றோடு வேறு கயிற்றைக் கட்டித் தொங்கவிட வேண்டாம்.

கட்டிய பின் நம்பிக்கை

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்னும் சொல் நம் நாவில் எளிதில் வருகிறது. அது உண்மையே. ஆனால் அதை எந்த இடத்தில் சொல்கிறோம் என்பது முக்கியம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டு நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை திர்மிதீயில் காண்கிறோம். இந்த ஹதீஸை நாம் வியாபாரத்துக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் எடுத்துக்காட்டுவோம். கயிற்றைப் பற்றியே சொல்லப்பட்ட ஹதீஸ் அது என்பது ஊஞ்சல் கட்டும்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தவக்குல் முடிச்சுக்குப் பதிலாக வருவதன்று. முடிச்சு இட்ட பின் வருவது.

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்னும் கருத்துள்ள ஹதீஸும் நாம் அறிந்ததே. பிள்ளை நம் கொல்லையில் கால் வைத்தவுடன் அது யார் வீட்டுப் பிள்ளையாயினும் நம் பொறுப்பில் வந்துவிடுகிறது. ஆலையில் இருக்கும் ஒரு தாய், தன் மகள் பாய் வீட்டு வேம்படியில்தான் இருப்பாள் என்று நிம்மதியாக வேலை செய்கிறார் என்றால், அந்த நிம்மதி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

எனவே ஊஞ்சலைப் பார்வையிட ஒரு நாளை நிலையாக வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்குக் குளிப்பதற்கு முன், ஏணி வைத்து ஏறி முடிச்சுகளைப் பார்ப்போம். கிளையில் கயிறு பதிந்த இடம், பலகைத் துளையில் கயிறு உரசும் இடம், பலகையின் அடிப்பக்கம் ஆகிய மூன்றையும் தடவிப் பார்ப்போம். பெரும்பாலும் துளையில் உரசும் இடத்தில்தான் இழை முதலில் அறும். ஆடிக் காற்று வீசும் காலத்திலும், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னும் கூடுதலாக ஒருமுறை பார்ப்போம். வாரத்தில் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் ஆகும். மகனுக்குப் பத்து வயது ஆனது முதல் ஏணியைப் பிடிப்பதும், கண்டதை உரக்கச் சொல்வதும் அவன் வேலை.

வரிசையும் மக்ரிபும்

ஊஞ்சல் கட்டினால் சண்டையும் உடன் வரும். யார் முதலில், எவ்வளவு நேரம் என்பதில் ஒவ்வொரு நாளும் வழக்கு. இங்கே ஊஞ்சலே ஒரு தீர்வைத் தந்தது. அளவாக ஆடும்போது ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஆகும் நேரம் கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது. அமர்ந்திருப்பவரின் எடையைப் பொறுத்ததன்று. இரண்டரை மீட்டர் கயிற்றில் ஒரு முறை போய்வர ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். ஒல்லிப் பிள்ளைக்கும் குண்டுப் பிள்ளைக்கும் அதே மூன்று விநாடிதான். ஆகவே ஆட்டத்தை எண்ணினாலே போதும், கடிகாரம் தேவையில்லை.

எத்தனை எண்ணுவது என்ற கேள்விக்கு எங்கள் மகள் 33 என்றாள். தொழுகைக்குப் பின் தஸ்பீஹ் எண்ணும் எண்ணிக்கை அவள் மனத்தில் இருந்தது. அதன்படி ஒருவருக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடம் கிடைக்கிறது. எங்கள் பிள்ளைகள் "சுப்ஹானல்லாஹ்" சொல்லி எண்ணுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். எல்லோருக்கும் 33தான். சிறியவர் முதலில், நம் வீட்டுப் பிள்ளைகள் கடைசியில் என்பது அவர்களின் நன்னி வகுத்த விதி. விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம் என்று ஓதிக் கொடுத்ததை இந்த வரிசையில் நின்றுதான் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். தன் கொல்லையில் தன் ஊஞ்சலுக்குத் தானே கடைசியாகக் காத்திருப்பது ஒரு பிள்ளைக்கு எளிதன்று. முதல் வாரம் அழுகை இருந்தது. இப்போது இல்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பதினொன்று பன்னிரண்டு வயதானதும், "பொம்பளப் புள்ளைக்கு என்ன ஆட்டம்?" என்று சொல்லி இறக்கிவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அண்ணனுக்கு மைதானம் இருக்கிறது, கிரிக்கெட் இருக்கிறது. அவளுக்குச் சமையலறையும் கைப்பேசியும் மிஞ்சுகின்றன. வேலியால் மறைந்த கொல்லையில், வீட்டார் பார்வையில், ஒரு பெண்பிள்ளை காற்றில் ஆடுவதில் எந்த வெட்கக்கேடும் இல்லை. மேலே சொன்ன அன்னையரின் வாழ்க்கையே அதற்குப் போதிய சான்று. எங்கள் வீட்டில் மதினிமார் விருந்துக்கு வந்தால், பிள்ளைகளை அஸர் தொழுகைக்கு அனுப்பிவிட்டு, அந்த இடைவெளியில் அவர்களே ஆடுவதும் உண்டு. கயிறு தாங்கும் என்று முன்பே பார்த்துவிட்டதால் நாங்கள் எதுவும் சொல்வதில்லை.

மக்ரிபுக்கு ஆட்டம் முடியும். இருள் கவியும் நேரத்தில் பிள்ளைகளை வீட்டினுள் அழைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பது புகாரியில் உள்ளது. பாங்கு ஒலிக்கச் சற்று முன்னரே பலகையைத் தூக்கிக் கிளையில் மாட்டிவிடுவோம். இருட்டில் யாரும் தனியாக ஏறாமல் இருக்க இது உதவுகிறது. அதே வேளையில்தான் ஆலை வேன்களும் வந்து நிற்கும். கைகால் கழுவி, உடுப்பில் ஒட்டிய மருந்துத் தூளைத் தட்டிவிட்டு, தாய்மார் வேலி ஓரம் வந்து தம் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதில் குரல் எழும். எல்லாப் பெயர்களுக்கும் பதில் வந்த பிறகு நாங்கள் ஒளூ செய்யச் செல்வோம்.

அன்புச் சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டில் மரம் இருந்தால் இந்த விடுமுறையில் ஓர் ஊஞ்சல் கட்டுங்கள். கயிற்றுக்கும் பலகைக்கும் ஆகும் செலவு ஒரு நாள் வெளியூர்ச் சுற்றுலாவைவிடக் குறைவு. மரம் இல்லையென்றால் இந்த ஐப்பசி மழைக்கு ஒரு வேப்பங்கன்று நடுங்கள். நீங்கள் கட்டாத ஊஞ்சலை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வேறொருவர் கட்டுவார். ஏற்கனவே ஊஞ்சல் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து சென்று அந்த முடிச்சை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வீட்டில் அவிழ்க்காமல் தொங்கும் சேலை இருந்தால் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

நம் பிள்ளைகளையும் அண்டை வீட்டாரின் பிள்ளைகளையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் அல்லாஹ் காப்பானாக. ஹலாலான உணவுக்காக நெருப்போடு உழைக்கும் எங்கள் ஊர் மக்கள் அனைவரையும் மாலையில் நலமாக வீடு சேர்ப்பானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உறுதியாகப் பேணும் நல்லருளை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.